புழுவைக் காணாத புரொபெசரும் நானும்

தான் ஒருநாளும் கண்ணால் காணாத பிராணியின் பின்னால் ஆயுள் முழுக்கப் போவதற்குச் சம்பளம் கொடுக்கிற தொழில் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் நான் அதில் எடுபிடியாக இருந்தேன். வீட்டில் 'என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேட்டால் பதில் தெரியாமல் முழித்தவர்கள் எல்லாரும் கிட்ட வாருங்கள். இது நமக்குள் பேசவேண்டிய விஷயம்.

என் முதலாளி ஒரு ஜெர்மன்காரர், பேராசிரியர். கல்லுக்குள் எலும்பு தேடுகிறவர்கள் வேறு ரகம். இவர் தேடியது தடம். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் ஏதோ ஒன்று சேற்றில் ஊர்ந்த கோடு, தோண்டிய வளை, படுத்த பள்ளம். ஊர்ந்தது எது என்று கேட்டால், அது தனக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்பதுபோல் பார்ப்பார். இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நான் ஊருக்குத் திரும்பி, வேறு வேலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பார்வைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மூன்றாந்தரம் வந்தவள்

கல்லூரி அறிவிப்புப் பலகையில் 'கல் கழுவ ஆள் தேவை, பொறுமை கட்டாயம்' என்றிருந்தது. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியிலிருந்து கால்மணி நடையில், ஒரு பழைய பண்டகசாலையின் பின்பக்கம் ஆய்வுகூடம். அன்றைக்கு நல்ல மழை. கதவைத் திறந்தவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, நீட்டிய சான்றிதழையும் பார்க்கவில்லை. நடைக்கூடத்தில் என் ஈரச் சப்பாத்து பதித்த அடிகளைக் குனிந்து பார்த்தபடி வெளிவாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"பையை வலது தோளில் போட்டிருக்கிறீர்கள்" என்றார். பை என் வலது தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னது என் கால்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். "இரண்டு தரம் கதவடிக்கு வந்து, தட்டாமல் திரும்பியிருக்கிறீர்கள். அப்படித் திரும்பியவர் மூன்றாந்தரம் தட்டினால், நின்று வேலை செய்வார். திங்கட்கிழமை வாருங்கள்."

குறுக்கு விசாரணை

அப்பா பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். பனியில் வழுக்காமலிருக்க, தேய்ந்துபோன இடது சப்பாத்தின் குதியில் பழைய சைக்கிள் ரயர்த் துண்டொன்றை ஆணியடித்துக்கொண்டே விசாரித்தார்.

"என்ன பிராணி உது?"

"தெரியாதப்பா."

"பேர்?"

"அதுக்குப் பேரில்லை. அது போன தடத்துக்குத்தான் பேர் வைக்கிறவை."

"எப்ப போனது?"

"நாற்பத்தைஞ்சு கோடி வருசத்துக்கு முந்தி."

சுத்தியல் நின்றது. பிறகு தீர்ப்பு வந்தது. தை மாதம் நகரின் கிழக்குக் கோடி ரூஜிலிருந்து ஒரு மாப்பிள்ளை பகுதியார் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சம்பந்தம் சரிவந்தால் வேலையை விடவேண்டும். சரிவராவிட்டால் அதைவிடக் கெதியாக விடவேண்டும். எனக்கோ அந்தக் கற்கள் பிடித்துப்போயிருந்தன. நாட்டை விட்டு ஓடிவந்த பிறகு நான் அவசரப்படாமல் நின்ற ஒரே இடம் அந்தக் கழுவுதொட்டிதான். இதை எந்த மொழியில் அப்பாவுக்குச் சொல்வது? நான் படித்த இரண்டு மொழியிலும் வரவில்லை. அப்பாவுக்கு வந்தது.

"கள்ளன் ஓடித் தப்பியிட்டான். இவை இருந்து அவன்ரை காலடிக்குப் பேர் வைக்கினம். நீ அதைக் கழுவிக் குடுக்கிறாய்."

மனைவியின் பெயர்

புரொபெசர் ஜெர்மனியில் வடகடல் ஓரத்தில் பிறந்தவர். போருக்குப் பிந்திய பஞ்சத்தில், கடல் வற்றும் நேரம் சேற்றில் புழு தோண்டித் தூண்டில்காரருக்கு விற்றிருக்கிறார். கையில் அகப்பட்டதைவிடத் தப்பியதே அதிகம். தப்பியது போன வளையைப் பார்த்துக்கொண்டு நின்ற பழக்கம் பட்டமாகி, பதவியாகி, கடைசியில் கனடாவில் ரெக்ஸ்டேல் பக்கத்து ஹம்பர் ஆற்றங்கரைக் கற்களில் வந்து நின்றது.

இடையில் ஒரு கல்யாணமும் நடந்தது. கல்யாணப் பரிசாக, தான் கண்டுபிடித்த புதுத் தடம் ஒன்றுக்கு மனைவியின் பெயரை வைத்தார். பெயர் வைத்தால் வர்ணனையும் எழுதவேண்டும் என்பது தொழில் விதி. அந்த அம்மையார் ஆசையோடு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், தன் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: 'எளிமையானது. கிளைகள் இல்லை. அலங்காரம் இல்லை. உள்ளே சேறு.' அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். இதைச் சொல்லும்போதும் புரொபெசரின் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"அளவுகளில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தரம் சரிபார்த்தேன்."

சிவப்புக் கனிமம்

சரஸ்வதி பூசைக்குத் தொழிற் சாமானைப் பூசையில் வைப்பது நம் வழக்கம். அறுபது கிலோப் பாறையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? புரொபெசர் வெளியூர் போயிருந்த அன்று, ஆய்வுகூடத்திலேயே ஒவ்வொரு கல்லுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமப்பொட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். துடைக்க மறந்துபோனேன்.

மறுநாள் காலை நான் போனபோது புரொபெசர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நின்றிருந்தார். நான்கு பக்கம் எழுதி முடித்திருந்தார். மஞ்சள் அடித்தளம்மேல் சிவப்புக் கனிமம், எல்லாக் கல்லிலும் சரி நடுவில், ஒரே அளவில். இப்படி ஒன்றைத் தொழிலில் யாரும் கண்டதில்லை என்றார். உண்மைதான். நான் அழாக்குறையாகச் சரஸ்வதியை விளங்கப்படுத்தினேன். அவர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகக் கிழித்தார். கோபிக்கவில்லை.

"பூசை செய்யலாம். ஆனால் செய்தால் லேபல் ஒட்டவேண்டும்."

பல்கனியில் நின்ற விருந்தாளி

தை பிறந்தது. மகள் கல் கழுவுகிறாள் என்பதைவிட ஒரு டொக்டருக்குக் கீழே வேலை என்றால் மதிப்பு என்று அப்பா கணக்குப் போட்டு, பெண் பார்க்கும் அன்று புரொபெசரையும் அழைத்துவிட்டார். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் மாடிப் பல்கனிக் கண்ணாடியூடாகக் கீழே வாகனத் தரிப்பிடத்துப் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா என்ன பாக்கிறார்?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். மொழிபெயர்ப்பது என் தலைவிதி. கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். நீலக் காரிலிருந்து மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் நேரே வாசலுக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாவது காரை இரண்டு சுற்றுச் சுற்றி, குப்பைத்தொட்டிவரை போய், விளக்குக் கம்பத்தடியில் பனி சகதியாகும்வரை நின்று, பிறகுதான் வந்திருக்கிறது. முடிவுரையை மொழிபெயர்க்காமல் நிறுத்தினேன்.

"சொல்லு பிள்ளை" என்றார் அப்பா.

"அந்தப் பிராணிக்கு வளைக்குள்ளை வர விருப்பமில்லையாம்."

மாப்பிள்ளை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அவர் சொல்லுறது சரி அம்மா. நான் உங்களிட்டை முதலே சொன்னனான்" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. தாய் எழுந்து, சேலையைச் சரிசெய்து, அப்பாவைப் பார்த்தார்.

"நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்கள். நீங்கள் எங்கடை சப்பாத்தைப் பாக்க ஆள் வைச்சிருக்கிறியளோ?"

இடது குதி

விடிய அப்பா, "இண்டைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தார். புதுப் பனி விழுந்திருந்தது. ஆய்வுகூடத்துக்குப் போய், நான் விலகுவதாகச் சொன்னேன். புரொபெசர் அதைக் காதில் வாங்காமல் என்னை வெளியே கூட்டிப்போனார்.

பனியில் என் அடிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொரு சோடி, பெரியது. தெருமூலைவரை வந்து, அங்கே நின்று மிதித்து, திரும்பியிருந்தது. புரொபெசர் குறிப்புப் புத்தகத்தை வாசித்தார்: 'இரட்டைத் தடம். முதற்பனியிலிருந்து தினமும். சிறியது முன்னே; அது நின்ற இடமெல்லாம் பெரியது நாற்பது அடி பின்னே நின்றிருக்கிறது. வேட்டை என்றால் தூரம் குறையவேண்டும், குறையவில்லை. சிறியது உள்ளே போகும்வரை பெரியது நிற்கிறது. நோக்கம் தெரியவில்லை.' பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார்; மனைவி விஷயத்தில் கேட்காமல் வைத்தது பிழையாம். நான் குனிந்து பார்த்தேன். இடது குதியில் சைக்கிள் ரயரின் வரிகள்.

விலகல் கதையை அன்றைக்கு ஒத்திவைத்தேன். மறுநாள் உள்ளே போவதுபோல் போய், உடனே திரும்பி மூலைக்கு நடந்தேன். அப்பா தொப்பியை இழுத்து முகத்தை மறைத்தார். "பாண் வாங்க வந்தனான்" என்றார். அந்தத் திசையில் பாண் விற்கிற பேக்கரியே இல்லை.

"குளிருது, உள்ளை வாங்கோ அப்பா."

வந்தார். புரொபெசர் அவருடைய குதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். அப்பா ஒரு பாறையில் விரலை வைத்துத் தடத்தோடு கூடவே போனார். விரல் கல் உடைந்த ஓரத்தில் வந்து நின்றது. மிச்சம் எங்கே என்று கேட்டார். ஆற்றங்கரையில் கிடக்கலாம், தேடுகிறோம் என்றேன். அப்பா விரலை அந்த ஓரத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"பாதியிலை விட்டிட்டு வரக்கூடாது பிள்ளை. உது எங்கை போச்சுதெண்டு பாத்து, எனக்கும் வந்து சொல்லு."

புரொபெசர் தன் புழுவைக் கடைசிவரை காணவில்லை. எங்கள் தொழிலில் தடத்தைப் பார்த்து, அதைப் போட்ட பிராணியை உயிரோடு பிடித்து, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.