மிளகு விளக்கு அணைந்த அஷ்டமி

அஷ்டமிதோறும் பைரவருக்கு விளக்கேற்றும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், எங்கள் புச்கியின் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் ஜாதி நாய் அது. கட்டிலிலிருந்து குதித்தது. வீலென்று ஒரு சத்தம். அப்புறம் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தது.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். எனக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை, புச்கிதான் எல்லாம். முதுகுத்தண்டில் தட்டு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார் வங்காளி டாக்டர். முதலில் அசையாமல் படுக்க வைத்தோம். பிறகு பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தார். பின்னங்கால்களை சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்ட வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். விடாமல் செய்தேன். எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் அந்தக் கால்கள் ஈரத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. இடுப்பில் புண் வந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது.

"வாயில்லா ஜீவனை ஏன் இன்னும் வதைக்கணும்? திங்கக்கிழமை ஊசி போட்டு முடிச்சுடலாம்னு டாக்டர் சொல்றார்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"சனிக்கிழமை தேய்பிறை அஷ்டமி. அதுவரைக்கும் ஊசிப் பேச்சை எடுக்காதீங்கோ" என்றேன்.

நாய் பைரவருக்கு வாகனம். உங்கள் வாகனத்தையே கைவிடுவீர்களா என்று பைரவரிடமே சண்டை போட்டேன்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை கொட்டியது. மத்தியானம் தெரு காணாமல் போயிற்று. கரண்டும் போனது. இவர் அலிப்பூர் ஆபீசில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் கறுப்புத் துணியில் மிளகை முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து, பைரவர் படத்துக்கு முன்னால் மணையில் அகல் ஏற்றினேன். கதவுக்கடியில் கறுப்பாகத் தண்ணீர் நுழைந்தது. கரப்பான்கள் மிதந்து வந்தன. அரிசி டின்னைப் பரணில் ஏற்ற ஓடினேன். திரும்பி வருவதற்குள் தண்ணீர் மணையைத் தூக்கிச் சாய்த்துவிட்டது. 'உஸ்' என்ற சத்தத்தோடு விளக்கு அணைந்தது.

வேண்டுதல் விளக்கு அணைந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"நீயும் மாட்டேன்னுட்டியா!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினேன்.

கட்டிலில் விட்டிருந்த புச்கியையாவது கடைசியாக மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று இருட்டில் தடவினேன். படுக்கை வெறுமையாக இருந்தது. தண்ணீருக்குள் விழுந்துவிட்டது! மூழ்கியிருக்கும் என்றே நினைத்தேன். இருட்டில் பேர் சொல்லி அலறினேன்.

மேஜைப் பக்கம் 'சளக்' என்றது. மின்னல் வெளிச்சத்தில் புச்கியின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் கையை விட்டேன். பின்னங்கால் ஒன்று என் உள்ளங்கையில் உதைத்தது. பிறகு மற்றொன்று. நான் வாய்விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை போனோம், ஊசிக்கு அல்ல. டாக்டர் கால்விரலைக் கிள்ளிப் பார்த்தார். நரம்புக்கு உயிர் திரும்பிக்கொண்டிருக்கிறது, உடம்பின் பாரத்தைத் தண்ணீர் சுமந்ததால் கால் அதைக் காட்டிவிட்டது என்றார். புண் ஆறியதும் தினமும் தொட்டியில் வெந்நீர் விளாவி நடக்க வைக்கச் சொன்னார். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை சமயத்தில் புச்கி கோணலாக, ஆனால் நாலு காலில், வாசல்வரை நடந்தது. அடுத்த நூற்றாண்டையும் பார்த்துவிட்டுத்தான் போனது.

விளக்கை அணைத்த அதே தண்ணீரைத்தான் பைரவர் புச்கிக்கு மருந்தாக அனுப்பியிருந்தார். அன்றுமுதல் நான் சகுனம் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு ஜீவன் எழ முடியாமல் கிடந்தால் வைத்தியத்தை விடாதீர்கள், அவரையும் விடாதீர்கள். விளக்கு அணைந்துபோனாலும் எழுந்து போய்விடாதீர்கள். இருட்டில் கையை விட்டுப் பாருங்கள்.