ஜூன் மாதத்துப் பனி

எண்பதுகளில் ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட் பங்களாவில் முன்பு தங்கிப்போன நார்வேக்கார அம்மாள், டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லி எங்களைக் குடும்பத்தோடு அழைத்தார். காப்பிப் பழம் பறிக்கும் குளிர்காலத்தில் எனக்கு லீவு கிடைக்காது. அதனால், "ஜூனில் வருகிறோம், என் மகள் பனியில் விளையாட வேண்டும்" என்று எழுதிப் போட்டேன். ஏற்காட்டிலேயே ஜூன் மழைக்குப் பல் தந்தியடிக்கும். நார்வேயைக் கேட்கவா வேண்டும்!

பஜாரில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். மனைவி ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் பின்னினாள்.

"ஏனுங்க, இது போதுமுங்களா? அங்க நொம்பக் குளுருமாமே!"

ஏப்ரலில் பதில் வந்தது. ஜூன் அங்கே கோடையாம், ராத்திரியிலும் வெளிச்சமாம். எனக்கு முகம் தொங்கிவிட்டது. உலகத்துக்கே ஏற்காட்டுப் பருவம் என்று நினைத்திருக்கிறேனே!

கான்வென்டில் படிக்கும் மகள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, பின்னாடியும் எழுதியிருக்காங்க!"

திருப்பிப் படித்தேன். "உங்கள் மகளுக்காக வாசலில் விழுந்த பனியை ஒரு வாளி அள்ளி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். தைரியமாக வாருங்கள்."

மகள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டார் ஓடிவந்தார்கள். நான் மட்டும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகக் கேட்டவனைத் திருத்துவதற்கு முன்பே, நான் கேட்டதை அந்த அம்மாள் எடுத்து வைத்துவிட்டார்.