சிவப்பு ரிப்பன் கட்டிய மூன்று செடிகள்

போன மாதம் என் தோட்டத்தில் மூன்று சாலட் கீரைச் செடிகள் காணாமல் போயின. மூன்றே மூன்று. சிரிக்காதீர்கள். ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நான்கு நாள் கழித்துத் திரும்பியதும், சட்டையைக்கூட மாற்றாமல் பாத்திக்கு ஓடினேன்... மூன்று குழிகள்தான் இருந்தன.

பக்கத்தில் நின்ற செடிகளுக்கு ஒரு கீறல் இல்லை. மாடு வந்திருந்தால் இப்படிப் பார்த்துப் பார்த்தா மேயும்? காட்டுப்பன்றி வந்திருந்தால் பாத்தியே மிஞ்சியிருக்காது. நான் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்த மூன்றை மட்டும், வேரோடு பிடுங்கியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த ஆள் வேலை!

விஷயம் இதுதான். எங்கள் கோலசிலாங்கூர் வெயில் சாலட் கீரைக்கு ஆகாது. இலை திரள்வதற்குள் தண்டு நீண்டு பூத்துவிடும். பூத்துவிட்டால் ஒரே கசப்பு, ஆடுகூடத் தொடாது. அதனால் ஒவ்வொரு போகத்திலும் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பூக்கிற செடியில் மட்டும் விதை எடுப்பேன். அந்த விதையில் முளைத்ததில் மறுபடியும் கடைசிச் செடி. இப்படியே ஐந்து போகம். வெயிலைத் தாங்குகிற ஒரு ரகம் மெல்ல மெல்லக் கைக்கு வந்துகொண்டிருந்தது. ரிப்பன் கட்டிய மூன்றும் அந்த ரகம்தான். பூ முடிந்து பஞ்சு வைத்திருந்தன. விதை முற்ற ஒரு வாரம்தான் பாக்கி.

பழைய விதை மிச்சமில்லையா என்று கேட்பீர்கள். ஸ்டோரில் ஒரு பாட்டில் இருந்தது. தகரக் கூரைச் சூட்டில் வெந்திருக்க வேண்டும் — எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆக, அந்த மூன்று செடியோடு ஐந்து போகமும் போயிற்று.

யார்? யோசிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்து நிலத்து ஸ்டெல்லா.

ஸ்டெல்லா கங்கோங் கீரையும் சாவிக் கீரையும் போட்டுச் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போகிறவர். போன வருடம் என்னிடம் ஒரு பிடி சாலட் விதை கேட்டார். அவரும் இதையே விளைத்தால் சந்தையில் என் கீரையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொடுத்தேன் — முதலில் பூத்த செடிகளின் விதையை. கோழிக்குப் போடலாம் என்று உதறி வைத்திருந்தது. பார்வைக்கு எல்லா விதையும் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது? இந்தக் கதை என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஸ்டெல்லா அதைக் கண்டுபிடித்துவிட்டார், பழி தீர்த்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள விட்டுப் போன என் மச்சினன் குமரனுக்குப் போன் போட்டேன். சுங்கை ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவன். எங்களுக்காக நான்கு நாள் லீவு போட்டு வந்து தண்ணீர் ஊற்றியவன். நாங்கள் இல்லாதபோது யாராவது வந்தார்களா என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஸ்டெல்லா அக்கா ஒரு தடவ வந்தாங்க மாமா. வாங்கிட்டுப் போன மண்வெட்டிய திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்க."

போதாதா? செடி காணோம் என்று அவனிடம் நான் மூச்சு விடவில்லை. துப்பு துலக்குகிறவன் எல்லாவற்றையும் உளறுவானா?

அன்று சாயங்காலமே இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருந்த கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். ஸ்டெல்லா என் பம்ப்பில் தண்ணீர் பிடிக்க அந்த வழியாகத்தான் வருவார். மறுநாளிலிருந்து ரோடு சுற்றி வாளி தூக்கினார். அதோடு விட்டேனா? கோப்பிக் கடையில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி, சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர்களே செடி திருடினால் யாரை நம்புவது என்று பேசினேன். பொழுது சாய்வதற்குள் அது அவர் காதுக்குப் போய்விட்டது. அதன் பிறகு என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டார். பார்த்தீர்களா, முழிக்கிற முழியே சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் குமரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கை கழுவிக்கொண்டே பாத்தியை எட்டிப் பார்த்தான்.

"மாமா, நோய் விழுந்த மூணு செடியையும் பிடுங்கி எரிச்சிட்டேன். மத்ததுக்குப் பரவலல்ல?"

என்ன நோய் என்றேன்.

"நீங்கதான மாமா செவப்பு கட்டி வச்சிருந்தீங்க."

செம்பனைத் தோட்டத்தில் அடிமரம் அழுகிய மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். சிவப்பைப் பார்த்தால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் மறுபேச்சுப் பேசமாட்டார். ஆளை விட்டு வெட்டிச் சாய்த்துவிடுவார். பதினைந்து வருடமாக அந்த வேலை பார்க்கிறவன் குமரன். நான் பொத்திப் பொத்தி வளர்த்ததை அவ்வளவு அக்கறையாக எரித்திருக்கிறான்! அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? முதல் நாளே போனில் உடைத்துக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் பூட்டைத் திறந்துகொண்டு ஸ்டெல்லாவிடம் போனேன். களை பறித்துக்கொண்டிருந்தார். ரிப்பன் கதையைச் சொன்னேன். கோப்பிக் கடையில் பேசியது தப்பு, மன்னித்துவிடு என்றேன். கை வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"காதுல விழுந்துச்சுண்ணே. ரெண்டு நாளு சாப்பாடு எறங்கல."

அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"போன வருசம் நீங்க குடுத்த வெததாண்ணே. அம்பது செடியும் சீக்கிரமே பூத்துருச்சு, ஒன்னே ஒன்னு மட்டும் தாங்குச்சு. அதுல வெத எடுத்து மறுபடி போட்டேன், இப்ப பரவால்ல. கொண்டு போய்ப் போடுங்க."

நான் கொடுத்தது என்ன விதை என்று அவருக்குத் தெரியுமா? முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை. அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைச் சமையலறை மேசையில் பிரித்தேன். எள்ளைவிடப் பொடியான விதைகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாகப் பூத்த செடியின் விதைதான் என்று எப்படி நம்புவது? முதலில் பூத்த செடிகளின் விதையை அவரும் என் தலையில் கட்டியிருந்தால்? மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவங்க என்ன, உங்கள மாதிரியா?"