ஏரிக்கரை வீரன்

மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். 1931-ஆம் வருஷம். மதுரையில் எனக்குச் செருப்புக் கடை. பேரணாம்பட்டுப் பக்கம் புதிதாகத் தோல் பதனிடும் ஷாப்பு கட்டிவந்த ஒரு சாயபுவைப் பார்த்துச் சரக்குக்குச் சொல்லிவரப் புறப்பட்டிருந்தேன். ஜட்காவுக்கு ஒரு ரூபாய். வழி நெடுகப் புளியமரம். இடப்புறம் மலை கூடவே வந்தது.

பத்து மணிக்கு ஓர் ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஆட்கள் கடப்பாரையால் ஒரு பழங்கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் செதுக்கியிருந்தது வில்லேந்திய வீரன், மார்பில் அம்பு, காலடியில் பசு. கரையை ஒட்டிச் சாயபு வாங்கிய நிலத்தில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகள் வரப்போவதாகவும், இந்தக் கல் வண்டிப்பாதைக்கு இடைஞ்சலாக இருப்பதாகவும் ஜட்காக்காரர் காதர் சொன்னார்.

கல்லைப் பிடித்தபடி முனியம்மா என்ற பெண் நின்றாள். அவள் புருஷனுக்கு அந்த ஷாப்பில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் சற்றுத் தள்ளித் தலைகுனிந்து நின்றான். கோயில் வாசலில் மேடை கட்டி நட்டுத் தருவதாக மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை.

அதற்குள் சாயபுவே வந்துவிட்டார். கோயிலில் வைத்தால் கல்லுக்கு மரியாதைதானே என்று அவளிடம் பொறுமையாகக் கேட்டார்.

"மாட்ட ஓட்டிக்கினு போனவங்கள மறிச்சு, இங்கியே வுழுந்தவரு சாயபு. இன்னிக்கும் எங்க மாடு இங்கதான் தண்ணி குடிக்குது. குழித்தண்ணி ஏரியில கலந்தா இந்தத் தண்ணிய மாடு மோந்துகூடப் பாக்காது. அப்புறம் கோயில்ல நின்னு இவரு இன்னாத்த காப்பாரு?"

சாயபு ஏரிப் பக்கம் திரும்பினார். நான்கைந்து எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"குழிங்கள ரோட்டுக்கு அந்தாண்ட போட்டுக்கலாம், தண்ணிக்கு அங்கியே கெணறு வெட்டு மேஸ்திரி. செலவு ஜாஸ்திதான். ஆவட்டும்."

அவள் புருஷனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிணறு வெட்ட வரச் சொன்னார். அவன்தான் முதலில் வந்து, சாய்ந்த கல்லை நிமிர்த்தத் தோள் கொடுத்தான். நானும் ஒரு கை பிடித்தேன்.

மறுநாள் திரும்பும்போது கல்லடியில் புதுமண் இறுகியிருந்தது. மதுரையில் எங்கள் தெருக்கோடியிலும் ஒரு குளம் இருந்தது. அதைத் தூர்த்துக் கடைகள் கட்டினோம். கரையிலிருந்த வீரக்கல்லை மட்டும் பத்திரமாகக் கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் மாலை விழுகிறது. அவர் எதற்காகச் செத்தார் என்று என் பிள்ளைகள் கேட்டால், கைகாட்ட அங்கே ஒன்றுமில்லை.