மாப்பையில் தைத்த ஓட்ட உடுப்பு

கோதுமை மா வருகிற பருத்திப் பையை எங்கள் ஊரில் மாப்பை என்போம். நெடுந்தீவில் அந்தக் காலத்தில் மாப்பைத் துணி இல்லாத வீடு இல்லை. தலையணை உறை அதுதான், உள்பாவாடை அதுதான், பிறந்த குழந்தைக்கு முதல் துணியும் அதுதான். ஆனால் மாப்பையில் ஓட்டப் போட்டிக்கு உடுப்புத் தைத்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பத்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் ஊர்காவற்றுறையில் நடக்கும் விளையாட்டுப் போட்டிக்கு முதன்முறையாகப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தீர்மானித்தது. அஞ்சலோட்டம். நாலு பேர் ஓட வேண்டும். கடைசியாகக் கோலை வாங்கி ஓடுபவள் நான். நாலு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்பு வேண்டும் என்று விளையாட்டு மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அம்மா அதைக் கேட்டதும் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"படிக்க விட்டனாங்கள். இப்ப ஓடவும் விடோணுமோ?"

"மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் ஓடுதுகள்தானே அம்மா."

"ஓடட்டும். அதுகளை அதுகளின்ரை தாய்மார் பாத்துக்கொள்ளட்டும். ஆம்பிளையள் நிறைஞ்ச இடத்தில முழங்கால் தெரிய ஓட நான் விடமாட்டன்."

"முழங்கால் தெரியாட்டில்?"

"பாவாடையோடை ஓடினால் தட்டுப்பட்டு விழுவாய்."

"தெரியாமலும், தட்டுப்படாமலும் ஒண்டு தைச்சால்?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தைச்சுப் போட்டுக்கொண்டு வந்து நில். பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

மற்ற மூன்று பேரின் வீட்டிலும் ஒரே பதில்தான்: 'அவளின்ரை அம்மா விட்டால் நீயும் போ.' ஆக நாலு பேரின் ஓட்டமும் என் தையலில் வந்து நின்றது. எனக்கு அன்றிரவே தலைக்குள் துணி ஓடத் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமியிடம் கையால் சுற்றுகிற தையல் மெசின் ஒன்று இருந்தது. அவர்கள் தெற்கில் ஒரு நகரத்தில் பேக்கரி வைத்திருந்த குடும்பம். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தார்கள். மெசின் மாமியின் கல்யாணத்துக்கு முந்தியது, இந்த வீட்டிலேயே இருந்தபடியால் தப்பியது. இப்போது மாமா துறையடியில் சின்னதாக ஒரு பேக்கரி போட்டிருந்தார். மாப்பைக்குக் குறைவில்லை. எட்டுப் பை தந்தார்.

மாப்பையைப் பிரிப்பதே ஒரு சந்தோசம். வாயைக் கட்டியிருக்கும் தடித்த நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால், சரசரவென்று ஒரே இழுவையில் முழுத் தையலும் கழன்று வரும். பிழையான முனையைப் பிடித்தால் அரை நாள் முடிச்சோடு மாரடிக்க வேண்டும். கழன்ற நூலை வீசக்கூடாது. ஒரு பனை ஈர்க்கில் சுற்றி வைத்துக்கொண்டால் பொத்தான் தைக்கவும் பட்டி இறுக்கவும் அதைவிட உறுதியான நூல் கிடையாது. பிறகு எழுத்தைப் போக்க வேண்டும். அச்செழுத்தின் மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சவர்க்காரத்தோடு அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் போட வேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காது, தயிர் திரைந்த மாதிரிக் கட்டி கட்டியாக மிதக்கும். நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து குடிக்க அள்ளி வந்த தண்ணீரில் நான் மாப்பை அவித்ததைப் பார்த்து அம்மா அந்தக் கிழமை முழுதும் ஏசினார். நான் கேட்டுக்கொண்டே அவித்தேன்.

என் திட்டம் இதுதான்: நிற்கும்போது பாவாடை, ஓடும்போது களிசான். காற்சட்டை மாதிரி இரண்டு அகலமான காலாகத் தைத்து, முன்னும் பின்னும் நடுவில் ஒரு ஆழமான மடிப்பு வைத்தால், பிளவு மடிப்புக்குள் ஒளிந்துவிடும். கால் வீசும்போது மட்டும் மடிப்பு விரியும்.

மாமி நான் பழைய பேப்பரில் கீறிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னடி, பாவாடையோ களிசானோ?"

"நிக்கேக்கை பாவாடை, ஓடேக்கை களிசான்."

"பெண் பாக்க வாற ஆக்களுக்கு எதைக் காட்டப்போறாய்?"

"அண்டைக்கு நிண்டுகொண்டிருப்பன் மாமி."

முதலாவது சரிவரவில்லை. இரண்டு குழாயை நடுவில் நேர்கோடாக மூட்டினேன். போட்டுக்கொண்டு குந்தினேன். 'பர்ர்ர்' என்று பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை போனது. மாமி மெசினில் தலையை வைத்துச் சிரித்தார். எங்கே பிழை என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஐயாவுக்கு, என் தகப்பனுக்கு, சாரமும் வேட்டியும்தான். களிசானின் உள்பக்கத்தை நான் கண்டதே இல்லை.

மாமா ஒரு பழைய களிசானைக் கொண்டுவந்து போட்டார். தெற்கிலிருந்து வந்த அன்று அவர் போட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவர் களிசான் போட்டு யாரும் பார்த்ததில்லை.

"வெட்டிப் பார் பிள்ளை."

"நல்ல களிசான் மாமா. தையலை மட்டும் கழட்டிப்போட்டுத் திருப்பித் தைச்சுத் தாறன்."

"இஞ்சை எனக்கு அது என்னத்துக்கு? வெட்டு."

நான் வெட்டவில்லை. அரை பிளேட்டால் ஒவ்வொரு தையலாகக் கீறிக் கழற்றி, நாலு துண்டையும் நிலத்தில் விரித்தேன். அப்போதுதான் கண்டேன். மூட்டுகிற இடம் நேர்கோடு இல்லை, தூண்டில் மாதிரி வளைவு. அதுவும் முன் துண்டில் சின்னத் தூண்டில், பின் துண்டில் பெரிய தூண்டில். உடம்பு குனியவும் குந்தவும் தேவையான இடத்தைத் துணி பின்பக்கம்தான் ஒளித்து வைத்திருக்கிறது! கேத்திரகணிதத்தில் ஒரு தேற்றம் திடீரென்று விளங்கினால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது. தேய்ந்த சவர்க்காரத் துண்டால் அந்த வளைவைப் பேப்பரில் எடுத்துக்கொண்டு, பேப்பரும் கையுமாக வளவைச் சுற்றி ஓடினேன்.

இடுப்புக்கு இலாஸ்டிக் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிவர ஒரே நாடாவாகக் கத்தரித்து, பட்டிக்குள் கோத்தேன். கடையில் வாங்கும் எந்த இலாஸ்டிக்கும் அதற்குக் கிட்ட வராது.

என்னுடையதை முதலில் முடித்துக்கொண்டு போய் அம்மாவின் முன் நின்றேன்.

"நட." நடந்தேன். "குந்து." குந்தினேன். ஒன்றும் கிழியவில்லை. "அந்தக் கல்வேலியைத் தாண்டு." தாண்டினேன். முழங்கால் தெரியவில்லை. அம்மாவுக்குப் பிழை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு சொன்னார்:

"அந்த வெயிலுக்கை போய் நில்."

நின்றேன்.

"ஏலாது. வெள்ளைத் துணி. வெளிச்சத்துக்குக் கால் முழுக்கத் தெரியுது."

அவர் சொன்னது உண்மை. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, வேலைதான் வந்தது. மற்ற மூன்றையும் தைத்து முடித்துவிட்டு, நாலையும் சாயம் போடுவது என்று தீர்மானித்தேன். தாய்மார் எல்லாரும் ஒரே கட்டளை போட்டிருந்தார்கள்: வளருகிற பிள்ளைகள், கீழ் மடிப்பை நாலு விரல் அகலத்துக்கு வை, அடுத்த வருடம் பிரித்து விடலாம். அப்படியே வைத்தேன். மாமா மா ஏற்றப் போனபோது யாழ்ப்பாணத்திலிருந்து கடும் சிவப்புச் சாயப் பொடி வாங்கிவந்தார்.

சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும் என்று பொடிப் பைக்கற்றில் எழுதியிருந்தது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. சுற்றிவரக் கடல் இருக்கக் குசினி உப்பை ஏன் கரைக்க வேண்டும்? கடல் தண்ணீரிலேயே சாயம் காய்ச்சினேன். கடைசியாக அலசியதும் கடல் தண்ணீரில். கறுப்பில் தோய்ந்த சிவப்பாக, கோயில் பட்டு மாதிரி நிறம் வந்தது. நாலையும் கல்வேலியில் விரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அடுத்த நாள் விடியப் படகு.

நெடுந்தீவில் மாடுகளைக் கட்டி வைப்பதில்லை. அதுவும் கோடையில், புல் காய்ந்த காலத்தில், அவை உப்பு எங்கே என்று அலையும். நான் திரும்பி வந்தபோது வேலியடியில் நாலைந்து நின்றன. மற்ற மூன்றையும் நக்கி ஈரமாக்கியிருந்தன. என்னுடையதன் ஒரு கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. ஒரு சிவலைப் பசுவின் வாயிலிருந்து சிவப்புத் துணி தொங்கியது.

நான் கத்திய சத்தத்தில் அம்மா ஓடிவந்தார். பசுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலியில் சாய்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"உப்புக்கறி போட்டு வைச்சிருக்கிறாய். வந்த மாடு சும்மா போகுமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு மாப்பை இல்லை. காற்றுக்கு மாமாவின் மாப் படகு அக்கரையில் குறிகட்டுவான் துறையிலேயே நின்றுவிட்டது. அம்மா விரும்பினால் இப்போது ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அவருக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நான் கிழிந்த காலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"துணி எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

"முழங்காலுக்கு மேலை இருந்து கீழ வரைக்கும். அந்த மூண்டு பேரின்ரை கீழ் மடிப்பையும் வெட்டினால் காணும். ஆனால் தாய்மார் விடமாட்டினம்."

அம்மா சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "கத்தரிக்கோலையும் அந்த மூண்டையும் தா."

நான் போகவில்லை. நடந்ததைப் பிறகு ஒருத்தி சொன்னாள். அவளுடைய தாய் மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டு, "அடுத்த வருசம் இவள் வளந்தால் நான் என்னத்தைப் பிரிக்கிறது?" என்று கேட்டாராம்.

"அடுத்த வருசம் வேறை மாப்பை வரும்," என்றாராம் அம்மா. "என்ரை பிள்ளை நிண்டால் உன்ரை பிள்ளையும் நிக்கோணும். கையை எடு."

பொழுது சாய முன் ஆறு சிவப்பு நாடாக்கள் என் மடியில் இருந்தன. ஒன்றின் ஓரத்தை மற்றதன் ஓரத்துக்குள் மடக்கி, இரண்டு தரம் தைத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக மூட்டினேன். அப்படித் தைத்தால் துணி கிழிந்தாலும் மூட்டுக் கிழியாது. மாமி கைப்பிடியைச் சுற்றினார், நான் துணியைப் பிடித்தேன். முடிந்தபோது ஒரு கால் வெறுமனே, மற்றக் கால் ஏணி மாதிரி. எனக்கு அந்த ஏணிக் கால்தான் பிடித்திருந்தது.

விடியப் படகில் அம்மாவும் ஏறினார். "பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணும்தானே," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, ஊர்காவற்றுறை மைதானத்துக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. நாலு பேரும் ஒரே சிவப்பில் வரிசையாக நின்றோம். யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிராது. என் காது முழுக்க நெஞ்சு அடிக்கிற சத்தம்.

கோல் என் கைக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் மூன்று பேர். நான் ஓடினேன். மடிப்பு விரிந்து, மூடி, விரிந்தது. துணி எங்கேயும் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. காலுக்கு அப்படி ஒரு சுதந்திரம் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருத்தியைத் தாண்டினேன். அவ்வளவுதான், கயிறு வந்துவிட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து அந்த ஆறு மூட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"தையல் எங்கையும் விட்டுதோ?"

"இல்லை அம்மா."

"கால் தட்டுப்பட்டுதோ?"

"இல்லை."

அம்மா நிமிர்ந்தார்.

"அப்ப ஏன் மூண்டாவதா வந்தனி?"