இட்லிக் கொப்பரை மூடியும் ஒரு சாண் நாற்காலியும்

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒருவர் இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றதாக எங்கள் தெருவில் பேச்சு. வதந்தி அல்ல. நான்தான்.

மூடியில் பட்டுத் தெறிக்கும் செல்போன் சிக்னல், ஜன்னல் வழியே ஹாலுக்குள் விழும் என்பது என் கணக்கு.

காரணம் உண்டு. ராணுவத்தில் இருக்கும் என் மகனுக்கு, எல்லையில் அவன் இருக்கும் மலையில், வாரம் ஒருமுறைதான் போன் பேச முறை வரும். அன்றும் கூப்பிட்டான். "அம்மா, லீவு..." என்றான். கட்!

கிடைத்ததா, இல்லையா? ஆடிப்பூரத் தேருக்கு வருவானா? ஒரு வாரமாக என் மனைவி வைக்கும் சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கும் துணிச்சல் எனக்கும் இல்லை.

பக்கத்து வீட்டு மெர்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுப்பவர். சிக்னல் எப்படி மங்குகிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவரது ஆராய்ச்சி. மூடிக் கதையைக் கேட்டு, அளக்கும் டேப்போடு வந்தார். ஹால், பீரோ, எதிரே உள்ள மில் சுவர் – எல்லாம் லேப்டாப்பில் ஏறின. திரையில் ஒரு கோடு, நம் மேற்கு மலை மாதிரி ஏறி இறங்கியது.

"டவர் அலை ஒரே வழியா வாரதில்ல அண்ணாச்சி. நேரா கொஞ்சம், மில் சுவத்துல முட்டிக் கொஞ்சம், பீரோவுல முட்டிக் கொஞ்சம். ஒண்ணு ஏறயில இன்னொண்ணு எறங்குச்சுன்னா, ஒண்ண ஒண்ணு அழிச்சிரும்."

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சித்தப்பாக்கள் யோசனை சொல்வதும் இப்படித்தான்.

"அப்ப என் மூடி?"

"அது நாலாவது வழி" என்றார். "அக்கா நடந்துக்கிட்டே பேசுதாக. சிக்னல்ல சாணுக்கு ஒரு பள்ளம் இருக்கு. எந்த இடம்னு கம்ப்யூட்டர் மாடல் கரெக்டா சொல்லாது. உக்காந்து பேசணும், கரகரன்னா நாற்காலிய ஒரு சாண் நகத்தணும்."

சிக்கலே அங்கேதான். மகன் குரல் கேட்டால் என் மனைவிக்குக் கால் தானாக நடக்கும்.

இந்த ஞாயிறு மெர்சி சர்ச்சிலிருந்து நேராக வந்தார். அவளை உட்காரவைத்தார், என்னை வாசலுக்கு அனுப்பினார். போன் வந்தது. "அம்மா..." – கரகரப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஸ்பீக்கரில் தெளிவாக, "லீவு கெடச்சிருச்சும்மா. தேருக்கு வாரேன்."

ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் எழவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள்.

இல்லாத அலைகளைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, இருக்கிற ஒரு குரலை எங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்தவருக்கு எப்படி நன்றி சொல்ல? தெரிந்த மாதிரி சொன்னேன். அப்படியே, என்னை எதற்கு வெளியே அனுப்பினீர்கள் என்றும் கேட்டேன்.

"மாடல்ல மில் சுவரு, பீரோ, நீங்க – மூணும் தடுப்பு அண்ணாச்சி. நகத்த முடிஞ்சது உங்கள மட்டுந்தான்."