பதினொரு நிமிடக் கோல்கீப்பர்

ஒன்னி கிவெலாவின் இடம் மூன்றாம் வரிசையில், உடைமாற்றும் அறைக் கதவை ஒட்டி. காலடியில் ஒரு பை. பைக்குள் கால்பட்டைகள், கையுறை, ஸ்கேட்ஸ். ஐம்பதுகளில் ஒவ்வொரு ஐஸ் ஹாக்கி அணியும் ஒரே ஒரு கோல்கீப்பரோடுதான் வரும். அவன் அடிபட்டு எழ முடியாமல் போனால், ஆட்டம் நடக்கும் ஊர்தான் மாற்று ஆள் தரவேண்டும். எதிரணிக்கானாலும் சரி. வடக்கு ஒன்டாரியோவில் எங்கள் நிக்கல் சுரங்க ஊருக்கு அந்த ஆள் ஒன்னி.

அரங்கமே பனியில் ஓடும் ரப்பர் வட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் காலத்தில் அவர்களுக்கு முகக்கவசம் கிடையாது. ஒருவன் விழுந்தால் ஒன்னி இருக்கை நுனிக்கு வந்துவிடுவான். முழங்காலை ஊன்றுகிறானா, கை மட்டையைத் தேடுகிறதா என்று கவனிப்பான். ஒன்பது குளிர்காலமாக விழுந்தவர்கள் எல்லோரும் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் அவன் உட்கார்ந்தே இருந்தான்.

சுரங்கத்தில் அவன் வேலை ஆட்களை இறக்கும் கூண்டை இயக்குவது. எட்டு மணி நேரம் ஆழம் காட்டும் கருவியின் முள்ளைவிட்டுக் கண் நகராது. அதே கண், பயிற்சியில் வட்டு முகத்துக்கு நேரே வந்தால் இறுக மூடிக்கொள்ளும். மூடினால் தப்ப வழியில்லை என்று தெரிந்தும் மூடும். இது மனைவி ஐலிக்கு மட்டுமே தெரியும்.

பத்தாம் குளிர்காலம், மார்ச் மாத ஞாயிறு மதியம், அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. ஐலியின் அண்ணன் வெய்க்கோ எங்கள் அணியில் ஆடினான். அவன் அடித்த வட்டு எதிரணிக் கோல்கீப்பரின் கன்ன எலும்பை உடைத்தது. ஆள் எழவில்லை. பாக்கி பதினொரு நிமிடம்.

எதிரணிப் பயிற்சியாளர் கதவருகே வந்தார். "நீதானா?"

"ஆமா."

"வாந்தி எடுக்கணும்னா இப்பவே எடுத்துடு. நேரமில்ல."

எடுத்தான். அடிபட்டவனிடமிருந்து கழற்றிக் கொடுத்த சட்டையின் கழுத்து ஈரமாக இருந்தது. எதனால் என்று அவன் குனிந்து பார்க்கவில்லை.

பனித்தரையில் இறங்கியதும் கூட்டம் பிடித்துக்கொண்டது. "ஒன்னி, நீ எந்த ஊருடா?" "வாசலை ரொம்ப அடைச்சுடாத, கொஞ்சம் சந்து விடு."

வெய்க்கோ வழுக்கியபடி கிட்டே வந்தான். "கை நடுங்குதே, மச்சான்."

"குளிருது."

"யார்கிட்ட கதை விடுற? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஐலி என்னைக் கொன்னுடுவா. கீழயே அடிக்கிறேன். நிம்மதியா நில்லு."

அரை மூச்சுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அதுவே உறுத்தியது. எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு நிற்பதற்கு எதற்கு ஒரு கோல்கீப்பர்?

"எப்பவும் எங்க அடிப்பியோ அங்கயே அடி."

"மூஞ்சி போயிடும்டா."

"என் மூஞ்சிதானே."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தான். விசில் ஒலித்துவிட்டது.

ஆறு முறை வட்டு தரையோடு வந்தது. கால்பட்டைகள் பார்த்துக்கொண்டன. முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் வெய்க்கோ தனியாக வந்தான். மட்டை தோளுக்கு மேல் ஏறியது. ஒன்னியின் இமைகள் துடித்தன. ஆனால் இமைகள் விழவில்லை. வட்டு சற்றே சாய்ந்து, சுழன்றுகொண்டே பெரிதாகி வந்தது. விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருப்பதைக்கூடப் பார்த்தான். காதோரம் காற்று அடித்தது. கை அதற்குப் பிறகுதான் எழுந்தது. பின்னால் வலை அசைந்தது.

ஊர் ஜெயித்தது. அரங்க வாசலில் முதுகில் தட்டினார்கள். "நம்ம ஆளாச்சே, விட்டுக் கொடுத்துட்டான்."

"நான் விடல. கை பிந்திடுச்சு."

"பிந்திடுச்சாம்," என்று கண்ணடித்தார்கள்.

அறையில் வெய்க்கோ ஸ்கேட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "மட்டையை வீசும்போது நான் கண்ணை மூடிக்கிட்டேன், மச்சான்," என்றான். "நீ?"

"மூடல."

வெய்க்கோ குனிந்து ஸ்கேட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு," என்றாள் ஐலி, அன்றிரவு வீட்டில். ஒன்னி கேட்கவில்லை. ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களைக் கூட்டிவர வேண்டும் என்று லீக் சட்டம் போடும்வரை, இன்னும் ஐந்து குளிர்காலம் அந்த நாற்காலியில் இருந்தான். ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. ஆனால் யாராவது விழுந்ததுமே ஸ்கேட்ஸ் மாட்டுவதற்காகக் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடுவான். விழுந்தவன் எழுந்து நின்ற பிறகுதான் திரும்பக் கட்டுவான்.